படியேறி வந்த வேலை

வேலைக்குப் பயிற்சி தரும் மையத்தில் எல்லாமே இலவசம் என்று கேள்விப்பட்ட உடனேயே செக்கரம்மாவுக்கு அந்த இடம் பிடிக்காமல் போய்விட்டது. பயிற்சி இலவசம், நோட்டு இலவசம், பேனா இலவசம், காலையில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் இலவசம். போதாததற்கு பஸ் பாஸும் அவர்களே எடுத்துத் தருகிறார்களாம்.

"எதுக்கு?" என்று கேட்டார்.

"இல்லாதப்பட்ட ஜனங்களுக்கு வேலை கிடைக்கணும்னுதான்," என்றார் கணவர். அவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து முட்டி போன பிறகு, உலகத்தில் எல்லாரையும் நம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஏணியைத் தவிர.

"அது சரி. அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா?"

"பல்லைத்தான் முதல்ல பாக்கணும். காசு குடுத்து வாங்கின மாடுன்னா திருப்பிக் குடுக்கலாம். தானமா வந்ததை எங்க கொண்டுபோய் விடுறது?"

செக்கரம்மா இருபத்திரண்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் செக்கராக இருந்தவர். அதாவது, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர். அவருடைய மேஜைக்கு வரும் ஒவ்வொரு சட்டையும் குற்றவாளிதான். குற்றமற்றது என்று நிரூபிக்க அதற்கு ஒன்றரை நிமிஷம் அவகாசம். காலர், பட்டன் பட்டி, கைமூட்டு, அடிமடிப்பு என்று விரல் ஓடும். தையல் ஒரு இடத்தில் தாவியிருந்தால்கூட அங்கே சிவப்பு ஸ்டிக்கர் விழும். சூப்பர்வைசர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். ஸ்டிக்கர் விழுந்தது விழுந்ததுதான். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேட்டில் பூட்டு தொங்கியது. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் சட்டையைச் சந்தேகப்பட்டவர், சட்டை போட்டிருந்தவரைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டார். அந்தத் தப்பு இன்னொரு தடவை நடக்காது என்று பூட்டின் முன்னாலேயே முடிவெடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் நாத்தனார் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். நாத்தனார் என்றால் பெயிண்டரின் அக்கா. நல்லவர். நல்லவர் என்பதை ஒரு நாளைக்கு நாலு முறை ஞாபகப்படுத்தவும் செய்வார். ஹாஸ்டலில் படிக்கும் அவருடைய மகனுக்கு அடுத்த மாதக் கடைசியில் பரீட்சை முடிகிறது. வந்தால் அவனுக்கு அந்த அறை வேண்டும்.

"நான் உங்களைப் போகச் சொல்லலை," என்றார் நாத்தனார். "எப்போ போறீங்கன்னுதான் கேக்கறேன்."

வேலை கிடைத்தால்தான் வேறு வீடு. வேலையோ, நாற்பத்தெட்டு வயசு என்று சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டது. அதனால்தான் செக்கரம்மா அந்த மையத்தின் படியேறினார். நம்பி ஏறவில்லை. சோதித்துப் பார்க்க ஏறினார்.

மையம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. 'வளமிகு வாழ்வுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் மற்றும் திறன் மேம்பாட்டு உயர் மையம்' என்று பெயர். பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி வார்த்தை பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் இருந்தது. நடத்துகிறவருக்குத் 'தலைமை வழிகாட்டி' என்று பட்டம்; கிளை வழிகாட்டி, துணை வழிகாட்டி என்று வேறு யாரும் கிடையாது. அவருடைய அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதில் 'தள்ளவும்' என்று எழுதியிருக்கும். இழுத்தால்தான் திறக்கும்.

வகுப்பில் பத்தொன்பது வயசு முதல் அறுபத்தொன்று வரை ஆள் இருந்தது. தினமும் காலையில் எல்லாரும் எழுந்து நின்று, "நான் வேலையில்லாதவன் அல்ல, வேலைக்காகக் காத்திருக்கும் திறமை" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பிஸ்கட். பிஸ்கட்டின் மேல் இருந்த ஆசையில் திறமைகள் சத்தமாகவே சொல்லின.

அறுபத்தோரு வயசுக்காரர் ஒரு கிடங்கில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். கிடங்கில் கேமரா வைத்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். "நான் ஒருத்தன் பாத்த வேலையை இப்ப நாலு கேமரா பாக்குது தங்கச்சி," என்று அதைப் பெருமையாகச் சொல்வார். தலைமை வழிகாட்டி சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொள்கிற ஒரே ஆள் அவர்தான்.

"முடியுமா என்று யாராவது கேட்டால் யோசிக்கக் கூடாது. யோசனை என்பது தோல்வியின் முதல் படி. உடனே 'முடியும்' என்று சொல்லுங்கள்," என்றார் தலைமை வழிகாட்டி.

வாட்ச்மேன் எழுதிக்கொண்டார். செக்கரம்மா எழுதவில்லை. "துணி நல்லா இருக்கான்னு கேட்டா?" என்றார்.

"நல்லா இருக்குன்னு சொல்லணும்மா. நேர்மறை எண்ணம்."

"அப்புறம் எதுக்குங்க செக்கரு?"

தலைமை வழிகாட்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் மாதிரி நேர்காணல். 'ஒரு பெரிய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர்' கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். முதல் வாரமே செக்கரம்மா மூக்கைச் சுளித்தார். நிர்வாக இயக்குநரிடம் ரப்பர் வாசனை அடித்தது. இறங்கிப் போகும்போது பார்த்தால், அதே ஆள் கீழே டயர் கடையில் பனியனோடு உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தலைமை வழிகாட்டியின் மச்சானாம்.

"இது பழகறதுக்குத்தானே தங்கச்சி," என்றார் வாட்ச்மேன்.

"பழகறது சரிண்ணே. எதுக்குப் பழகறோம்னு பாக்கணும்ல?"

மாடிப்படிக்கு எதிரே 'வெற்றிச் சுவர்' இருந்தது. இங்கே படித்து வேலைக்குப் போனவர்களின் படம். அறுபத்து நாலு பேர், எல்லாரும் கோட்டில், எல்லாரும் சிரித்தபடி. மூன்றாவது வாரம் டீ குடித்துக்கொண்டே செக்கரம்மா அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவருக்குக் கழுத்துக்குக் கீழேதான் பார்க்கத் தெரியும். இடது பக்கக் காலர் மடிப்பில் துணி லேசாகச் சுருங்கியிருந்தது. நடுப்பட்டன் மட்டும் வேறு நூலில், பெருக்கல் குறி போலத் தைக்கப்பட்டிருந்தது. அடுத்த படத்திலும் அதே சுருக்கம், அதே பெருக்கல் குறி. அதற்கடுத்ததிலும்.

"அண்ணே, அறுபத்து நாலு பேருக்கும் ஒரே கோட்டு."

வாட்ச்மேன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒரே தையல்காரர்கிட்ட குடுத்திருப்பாங்க."

"ஒரே தையல்காரர், ஒரே பட்டனை அறுபத்து நாலு தடவை தப்பாத் தைப்பாரா?"

"மனுஷன்தானே. கை பழகியிருக்கும்."

கோட்டு பொய் என்றால் சிரிப்பு உண்மையா? சிரிப்பும் பொய் என்றால் வேலை? செக்கரம்மாவுக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. பிஸ்கட் இறங்கியது.

அந்த வாரமே பஸ் நிறுத்தத்தில் சுவரிலிருந்த ஒருவர் அகப்பட்டார். மூன்றாவது வரிசை, ஐந்தாவது படம், 'வெற்றியாளர் – விற்பனைத் துறை'. நடைபாதையில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்.

"மையத்துல படிச்சதாலதான் இந்த வேலை கிடைச்சுதா தம்பி?"

"படிக்கறதுக்கு முன்னாடியே இங்கதான் நிக்கிறேன்க்கா. படிச்சு முடிச்சப்புறமும் இங்கயே நின்னேன். அவங்க வந்து, சுயதொழில்னு எழுதிக்கிட்டு, கோட்டைப் போட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்றது? பொய் இல்லையே. நான் விக்கிறேன்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கோட்டு எனக்கு நல்லா இருந்துச்சுன்னு வீட்ல சொன்னாங்க. கேட்டேன், தரலை."

செக்கரம்மாவின் மனசுக்குள் மொத்த மையத்தின் மேலும் ஒரு பெரிய சிவப்பு ஸ்டிக்கர் விழுந்தது. ஆனாலும் மறுநாள் போனார். மாதக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. போகாமல் பின்னறையில் உட்கார்ந்திருந்தால் நாத்தனார் வந்து தன்னுடைய நல்ல குணத்தைப் பற்றிப் பேசுவார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஐம்பது வயசிருக்கும். தேய்ந்த செருப்பு, கசங்கிய உடுப்பு, கையில் பெரிய துணிப்பை. வழிகாட்டியின் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார், பிறகு இழுத்தார், உள்ளே போனார். ஐந்தே நிமிஷத்தில் தலைமை வழிகாட்டி அவரோடு வெளியே வந்தார். வழிகாட்டியின் நெற்றியெல்லாம் வியர்வை. குரல் ஒரு கட்டை ஏறியிருந்தது.

"இவர் ஒரு பெரிய சலவை நிறுவனத்தின் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கிறார்கள். துணி பார்க்க ஆள் வேண்டுமாம். நம் மையம் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை எல்லாரும் எடுத்துச் சொல்லுங்கள்."

செக்கரம்மா அந்த வியர்வையைக் கவனித்தார். உண்மையான ஆள் வந்தால் எதற்கு வியர்க்க வேண்டும்? புதுசாகப் பிடித்த நடிகை, வசனம் ஒழுங்காகச் சொல்வாரோ மாட்டாரோ என்ற பயம். மச்சானுக்கு அன்றைக்கு டயர் கடையில் கூட்டம் போலிருக்கிறது. மச்சானின் அக்காவையோ சித்தியையோ பிடித்துவிட்டார்கள்.

அந்த அம்மா பையிலிருந்து ஆறு விரிப்புகளை எடுத்து மேஜையில் போட்டார். "துணி பாத்துப் பழக்கம் இருக்கறவங்க யாரு?"

எல்லாரும் செக்கரம்மாவைப் பார்த்தார்கள்.

நாடகம்தான் என்று தெரிந்தாலும் துணி துணிதானே. விரல் சும்மா இருக்கவில்லை. முதல் விரிப்பை உதறி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "நடுவுல நைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு துவையல்ல கிழியும்." இரண்டாவது: "ஓர மடிப்பு பிரிஞ்சிருக்கு." மூன்றாவது: "கறை போகலை, காரத்துல வெளுத்திருக்கு, அவ்வளவுதான்." ஆறாவதை எடுத்ததும் அந்த அம்மா சொன்னார்: "அது நல்லது. மாதிரிக்குக் கொண்டுவந்தேன்."

"மூலையில ஊசித் துளை நாலு இருக்கு. யாரோ சீட்டு குத்தியிருக்காங்க."

அந்த அம்மா துணியை வாங்கித் தானே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "வியாழக்கிழமைலேர்ந்து வரமுடியுமா?"

"நாளைக்கேவா?" செக்கரம்மா சிரித்துக்கொண்டார். பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "இப்படி வந்து உக்காந்துட்டுப் போறதுக்கு உங்களுக்கு என்னம்மா குடுக்கறாங்க?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க மச்சானைவிட நல்லாவே பண்றீங்க. ஆனா கோட்டு போடாம வந்துட்டீங்களே."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"இந்த மாதிரி வேலைன்னா வேண்டாம்."

அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்து, "வேற யாராலயாவது துணி பாக்க முடியுமா?" என்றார்.

"முடியும்," என்றார் வாட்ச்மேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

வியாழனும் வெள்ளியும் வாட்ச்மேனைக் காணவில்லை. சனிக்கிழமை தலைமை வழிகாட்டி செக்கரம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், கதவை மூடினார், தண்ணீர் குடித்தார்.

"அன்னைக்கு அந்த அம்மா உங்ககிட்ட ரகசியமா என்ன கேட்டாங்க? சுவரைப் பத்தி ஏதாவது?"

"அவங்க கேக்கலை. நான்தான் கேட்டேன். ஏங்க, அவங்க உங்க ஆளுதானே?"

"என் ஆளா? பணம் குடுக்கற மேலிடத்துலேர்ந்து சோதனை போட மாறுவேஷத்துல வந்திருக்காங்கன்னு நான் ரெண்டு நாளா தூங்கலை."

"கம்பெனியிலேர்ந்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க அப்படிச் சொன்னாங்க. நம்பற மாதிரியா இருக்கு? பஸ்ல போகும்போது போர்டைப் பாத்தாங்களாம், இறங்கிப் படியேறி வந்தாங்களாம்." தலைமை வழிகாட்டி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பட்டமெல்லாம் கழன்று, டயர்க்காரருடைய மச்சானாக மட்டும் உட்கார்ந்திருந்தார். "நாலு வருஷம்மா. வேலை குடுக்கறேன்னு ஒருத்தர் இந்தப் படி ஏறினது கிடையாது. தானா ஒருத்தர் வந்தா சந்தேகம் வருமா, வராதா?"

செக்கரம்மா எழுந்துவிட்டார். "அப்போ வாட்ச்மேன் அண்ணன்?"

"வேலைக்குப் போறார்னு அவர் வீட்ல சொல்றாங்க. அதையும் விசாரிக்கணும். ஆமா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. 'வாய்ப்பு வழங்கப்பட்டவர்' பத்தியில உங்க பேர் ஏறிடுச்சு. எங்க கணக்குல நீங்க வெற்றிதான்."

சலவைக்கூடத்தின் முகவரி, அந்த அம்மா புதன்கிழமை வாட்ச்மேனுக்காக நிரப்பிக் கொடுத்த படிவத்தில் இருந்தது. அதை எழுதிக்கொண்டு செக்கரம்மா இறங்கினார். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டே போனார், ஆனால் நம்பிக்கொண்டு போகவில்லை. சலவைக்கூடம் என்று ஒரு பலகை இருப்பதால் அங்கே சலவை நடக்கிறது என்று ஆகிவிடுமா? பலகையின் லட்சணத்தைத்தான் மூன்று வாரமாகப் பார்க்கிறோமே.

கேட்டுக்கு எதிரே நின்றார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகத்தோரம் தோல் உரிந்திருந்தது. ஒருத்தி இல்லை, இருபது பேர். கோட்டை வாடகைக்கு எடுக்கலாம். இந்தக் கைகளை எங்கே போய் எடுப்பது?

உள்ளே ஆவியும் சத்தமுமாக இருந்தது. அந்த அம்மா ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எதிரே மேஜை, மேஜைக்குப் பின்னால் வாட்ச்மேன், பக்கத்தில் மலைபோல மடித்த விரிப்புகள்.

"வாங்க," என்றார் அந்த அம்மா. "என்ன, இன்னைக்கு நான் கோட்டு போட்டிருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?"

"தப்பு என் மேலதாம்மா."

"தெரியும். ஆனா வேலைக்கு ஆள் எடுத்தாச்சு. நீங்க வேண்டாம்னீங்க, அவர் முடியும்னார்."

செக்கரம்மாவின் கண்முன் மாதக் கடைசி வந்து நின்றது. திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் மலையின் உச்சியில் இருந்த விரிப்பின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது, அவர் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் பட்டதை எப்படி விடுவது?

"இதெல்லாம் பாத்து முடிச்சதா?"

"அண்ணன் பாத்தது."

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

அந்த அம்மா தோளைக் குலுக்கினார். செக்கரம்மா ஒவ்வொன்றாக உதறினார். நாற்பது விரிப்பு பார்ப்பதற்குள் பதினேழு தனியாகப் போய் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் அவருக்கே கஷ்டமாக இருந்தது. எதிரே நிற்பது எதிரியா, தங்கச்சி தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன். அறுபத்தோரு வயசில் அவருக்கும் இன்னொரு கதவு திறக்கப் போவதில்லை. அதற்காக ஓட்டை அடைந்துவிடுமா? பதினெட்டாவதும் போய் விழுந்தது.

வாட்ச்மேன் செருமினார். "உண்மையைச் சொல்லிடறேம்மா. எனக்குக் கிட்டத்துல இருக்கறது கண்ணு தெரியாது. கண்ணாடி உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. மூணு நாளா நான் மடிப்பு நேரா இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் முடியும்னு சொன்னீங்க?"

"அப்படித்தான் சொல்லணும்னு மையத்துல சொல்லிக் குடுத்தாங்க."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து நேத்து போன் வந்தப்பவே நினைச்சேன்." பிறகு வாட்ச்மேனைப் பார்த்தார். "பின்கேட்டுல வண்டி வரப் போகத் திறந்து மூட இருந்த ஆள் வேலையை விட்டு நின்னுட்டான். தூரத்துல வர்றது தெரியுமா?"

"முடி—"

"யோசிச்சுச் சொல்லுங்க."

வாட்ச்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முதல் முறையாக யோசித்தார். "தூரத்துல தெரியும். அந்தப் பச்சை வண்டி நம்பர்கூடத் தெரியுது."

"நீங்க," என்று செக்கரம்மாவிடம் திரும்பினார் அந்த அம்மா. "ஒரு மாசம் பாப்பேன். துணியைச் சந்தேகப்படுங்க, அதுக்குத்தான் கூப்பிடறேன். என்னைச் சந்தேகப்படணும்னா வேலை நேரம் முடிஞ்சப்புறம் வெச்சுக்கங்க."

"எழுத்துல ஒரு ஆர்டர் குடுத்திடறீங்களா?"

அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வேலை போய்விடும் போலிருந்தது. ஆனால் காகிதத்தை எடுத்தார்.

வீட்டில் பெயிண்டர் செய்தியைக் கேட்டதும் நம்பினார், அவர் நம்புவதில் விசேஷம் ஒன்றும் இல்லை. நாத்தனார்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கம்பெனி? நீ கண்ணால பாத்தியா? எத்தனை பேர் வேலை செய்யறாங்க? கொண்டுபோய் விட்டது யாரு?"

"நானாத்தான் போனேன் அண்ணி. இதோ ஆர்டர்."

நாத்தனார் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "ஒரு மாசம் பாப்பாங்கன்னு போட்டிருக்கே. பையன் பதினாலு நாள்ல வரான்."

"ரெண்டு வாரம் அவன் ஹால்ல படுத்துக்கட்டும் அண்ணி. மாசம் முடிஞ்சு வேலை நிலைச்சதும் வீடு பாத்துப் போயிடறோம்."

"நிலைக்கலைன்னா?"

"நிலைக்கலைன்னாலும் போயிடறோம்."

"வாயால எல்லாரும் சொல்லுவாங்க."

"வேணும்னா எழுதித் தரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் பெயிண்டர் எதிர்பார்த்தார். நாத்தனார் கொஞ்சம் யோசித்தார். நல்லவர் யோசிக்க வேண்டிய அளவு யோசித்தார்.

"எழுதிக் குடு," என்றார்.

செக்கரம்மா எழுதினார், தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். நாத்தனார் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை படித்துவிட்டு, வருஷம் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.